கடுக்காய்க்கு முதலிடம்

‘நல்லா இருக்கு’ என்று ஒரு சொல்லை அவர் வாயிலிருந்து வாங்கிவிட முடியாது. எதுவாவது ரொம்பவே பிடித்துப்போய்விட்டால் ‘தவறில்லை’ என்பார். அந்தத் தவறில்லைக்கே நாங்கள் ஆளுக்கு ஒரு டீ வாங்கிக் குடித்துக் கொண்டாட வேண்டும். அவ்வளவு அபூர்வம்.

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரைத் தாண்டி உள்ளே இருந்த ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் மருந்தாளுநர். நான் அங்கே நர்ஸ். மலை ஜனங்களுக்கு அவர் ‘மருந்து சார்’. ஆள் ஒல்லி. கண்ணாடி மூக்கின் நுனியில்தான் நிற்கும். சட்டைப் பையில் மூடி தொலைந்த பேனா ஒன்று எந்நேரமும் மை கக்கிக்கொண்டிருக்கும். வார நாட்களில் குவார்ட்டர்ஸில் தனியாகப் பொங்கித் தின்பார். சனிக்கிழமை வேலை முடிந்ததும் பஸ் பிடித்து, ஆலங்காயத்தில் இருக்கும் வீட்டுக்கு இறங்கிவிடுவார்.

மனிதருக்கு ஒரே ஒரு பைத்தியம், குறுக்கெழுத்து. நாம் பேப்பரில் பார்த்துக் கட்டம் நிரப்புகிறோமே, அந்தச் சாதாரணக் குறுக்கெழுத்து இல்லை. குறிப்பையே புதிராக எழுதும் வகை. அதைப் போடுவதைவிட, அதற்குக் குறிப்பு எழுதுவதிலும், அடுத்தவர் எழுதிய குறிப்பில் குற்றம் கண்டுபிடிப்பதிலும்தான் அவருக்கு உயிர். குறிப்பில் ஒரு சொல்கூடச் சும்மா நிற்கக் கூடாது. நின்றால் ‘ஒரு சொல் கூடுதல்’ என்று ஒரே அடி.

இந்தச் சட்டத்தை அவர் குறுக்கெழுத்தோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. எங்கள் லேப் டெக்னீஷியன் கல்யாணப் பத்திரிகை கொடுத்தான். ‘சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து’ என்று இருந்தது. சுற்றம் என்றாலே சூழ்ந்து நிற்பதுதான், அப்புறம் எதற்கு இன்னொரு சூழ என்று மையால் அடித்து, மாப்பிள்ளையிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். பையன் முகம் சுண்டிப்போய்விட்டது. நல்லவேளை, கல்யாணப் பெண்ணின் பெயரில் எழுத்தைக் குறைக்காமல் விட்டாரே என்று நாங்கள் ஆறுதல் சொன்னோம்.

இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. யாராவது ஒன்றை நேராகச் சொன்னால் அவரால் நம்பவே முடியாது. உள்ளே இன்னொன்று இருக்கிறது என்று தேட ஆரம்பித்துவிடுவார். ஒரு நாள் காலையில் போகிற போக்கில், “சார், உங்க சட்டையில ஒரு பட்டன் இல்ல” என்றேன். சரி என்றார். பகல் முழுக்க மாத்திரை எண்ணுகிறார், முகம் மட்டும் எங்கேயோ இருக்கிறது. சாயங்காலம் என்னிடம் வந்து, விடை வரவில்லை, நீங்களே சொல்லிவிடுங்கள் என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. காலையில் நான் சொன்னதற்கு விடையாம். சட்டையில் பட்டன் இல்லை சார், அவ்வளவுதான் என்றேன். அரை மனதாகத் தலையாட்டிவிட்டுப் போனார். நம்பவில்லை என்பது அந்த முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

மலைக்காரர்களின் பேச்சுதான் அவருக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு பெரியவர் வந்து, “ஒடம்பு ஒரு மாதிரியா கீது சார்” என்பார். எந்த மாதிரி என்று கேட்டால், “அதான் சார், ஒரு மாதிரி” என்பார். இவர் முகம் மலர்ந்து என் பக்கம் திரும்புவார். கூடுதலாக ஒரு சொல் இல்லை, பொய்யும் இல்லை, விடையும் வராது, இதுதான் சிஸ்டர் குறிப்பு என்பார். அந்தப் பெரியவருக்குக் காய்ச்சல் கொதித்துக்கொண்டிருக்கும்.

சரி, அந்தக் குறிப்பு எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு அவர் ஒரே ஒரு தடவைதான் விளக்கினார், சாமையை வைத்து. ‘சாமி முதலில் கண்ணுக்கு இட்டது மலைத் தானியம்.’ சாமி என்ற சொல்லின் முதல் எழுத்து சா. கண்ணுக்கு இடுவது மை. இரண்டையும் சேர்த்தால் சாமை. அது மலையில் விளைகிற தானியம். படிக்கிறவன் சாமியையும் கண்மையையும் நினைத்துக்கொண்டிருக்க, விடை தட்டில் சோறாக உட்கார்ந்திருக்கும். இவ்வளவுதான் வித்தை. ஏன் சார் நேராகவே சாமை என்று சொல்லிவிட்டால் என்ன என்று கேட்டேன். அன்றையிலிருந்து எனக்கு விளக்குவதை விட்டுவிட்டார்.

ஆனால் அதனாலேயே எனக்கு ஒரு பதவி கிடைத்தது. போனில் அவர் ஒரு குழு நடத்திவந்தார். எட்டு, பத்து பேர் இருப்பார்கள். வாரம் ஒரு சொல் கொடுப்பார், அதற்கு ஆளுக்கு ஒரு குறிப்பு எழுத வேண்டும். இவர்தான் நடுவர். யார் எழுதியது என்று தெரிந்தால் மனம் சாயும் என்பதால், எல்லோரும் குறிப்பைத் தனியாக எனக்கு அனுப்ப வேண்டும். நான் பெயரை எடுத்துவிட்டு ஒரு புனைபெயர் போட்டு அவரிடம் கொடுப்பேன். வருஷக் கடைசியில் மொத்த மதிப்பெண் பார்த்து முதலிடம். அன்றைக்குத்தான் யார் யார் என்பது வெளியே வரும். உங்களுக்கு இது ஒன்றுமே புரியாது சிஸ்டர், அதனால்தான் உங்களைத் தேர்ந்தெடுத்தேன் என்றார். இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா, வேறு மாதிரி எடுத்துக்கொள்வதா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

புனைபெயருக்கு நான் மூளையைக் கசக்கவில்லை. அன்றைக்குச் சந்தை நாள். பெண்கள் கூடையில் கொண்டுவந்ததை ஜன்னல் வழியே பார்த்துப் பார்த்து வைத்துக்கொண்டே போனேன். புளி, தேன், பலா, சாமை, சீத்தா, இப்படி. வாணியம்பாடியில் தோல் வியாபாரம் செய்யும் பாய் ஒருவர் குழுவில் இருந்தார். முதலில் அனுப்பியவர் அவர். ஆகவே அவர் புளி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தீர்ப்பு. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஒரு பாறை உண்டு. அதன்மேல் ஏறினால்தான் சிக்னல். மனிதர் அங்கே சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரு வரி தட்டுவார். ‘ஒரு சொல் கூடுதல்.’ ‘விடைக்கு வழி இல்லை.’ ‘வழி இருக்கிறது, அழகு இல்லை.’ மாடு மேய்க்கிறவர்கள், சார் யாருக்கோ போனில் திட்டு கொடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டு சத்தமில்லாமல் ஓட்டிக்கொண்டு போவார்கள்.

அந்த வருஷம் போட்டி தொடங்கிக் கொஞ்ச நாளில், நான் துணி எடுக்க ஆலங்காயம் இறங்கினேன். அவர் வீட்டம்மாவை எனக்கு முன்பே தெரியும், அக்கா என்பேன். வீட்டுக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து, அக்கா சோறு போட்டாள். அவளுடைய அப்பா அந்தப் பக்கத்திலேயே பேர் வாங்கிய பஸ் டிரைவர். மலைப்பாதை வளைவெல்லாம் அவருக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும் என்பார்கள். அண்ணன்மார் கிரிக்கெட் ஆட, ஸ்கோர் எழுதும் வேலை சின்ன வயதில் அக்காவுக்கு. இன்றைக்கும் சமையல்கட்டு ஜன்னலில் போனைச் சாய்த்து வைத்து மேட்ச் பார்த்துக்கொண்டுதான் தாளிப்பாள். அவுட் விழுந்தால் கடுகு கருகும்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, தானும் அந்தப் போட்டியில் எழுதலாமா என்று அக்கா கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருஷமாகச் சனி ஞாயிறெல்லாம் அவர் குறிப்பு, கூடுதல் என்று புலம்பியதைக் கேட்டுக் கேட்டே வித்தை படிந்துவிட்டதாம். கட்டிக்கொண்ட பாவத்துக்குக் கேட்டேன் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“நான்தான்னு அவருக்குத் தெரியக் கூடாது சிஸ்டர். என் கொழம்பும் தவறில்ல, என் பொடவையும் தவறில்ல, நான் பெத்த புள்ளையும் தவறில்ல. ஒரே ஒரு தடவ, எழுதுனது யாருன்னு தெரியாம, அந்த மனுஷன் வாயில நல்லா இருக்குன்னு வரணும். வந்துட்டா போதும்.”

கேட்கும்போது விளையாட்டாகத்தான் தொடங்கினாள். முடிக்கும்போது விளையாட்டு இல்லை. சரி என்றேன். அந்த வாரம் சந்தையில் மிச்சமிருந்த கூடையில் கடுக்காய் இருந்தது. அக்கா கடுக்காய் ஆனாள்.

கடுக்காய் வந்து இறங்கிய முதல் வாரம் அவர் கொடுத்த சொல் பேருந்து. பஸ் என்று யாரும் சொல்லக் கூடாதாம், தமிழ் மாசுபடுமாம். கடுக்காய் எழுதியது இது: ‘பேரு, பிறகு தலை போன பந்து, மலை ஏறும்.’ பந்தில் முதல் எழுத்தை எடுத்துவிட்டுப் பேரோடு ஒட்டினால் பேருந்து. ஆலங்காயத்திலிருந்து மலை ஏறுவது அதுதான். இதற்கு அவர் போட்ட தீர்ப்பு: ‘பேரு என்பது பேச்சு வழக்கு. ஆனாலும் தவறே இல்லை.’

தவறே இல்லை. ஓர் ஏகாரம் கூடியிருந்தது. அக்காவுக்கு உடனே போன் போட்டேன். “ஏகாரம் வேணாம், நான் கேட்டது வரட்டும்” என்று வைத்துவிட்டாள்.

அதற்கப்புறம் மாதக்கணக்கில் மருந்து அறையில் கடுக்காய்ப் பேச்சுதான். இந்த வாரம் கடுக்காய் என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா சிஸ்டர் என்று ஆரம்பிப்பார். ஆள் கட்டாயம் ஆண்பிள்ளை, போக்குவரத்துக் கழகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பந்து வீச்சாளர், இடது கைக்காரராகவும் இருக்கலாம் என்று ஜாதகமே கணித்து வைத்திருந்தார். ஒரு திங்கட்கிழமை என்னிடம் சலித்துக்கொண்டார். “கடுக்காய் மாதிரி ஒரு ஆளோட உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசணும் சிஸ்டர். வூட்ல யாருகிட்ட இதெல்லாம் பேச முடியுது, சொல்லுங்க?” நான் ஊசி போடுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன். கையில் ஊசி இல்லை.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தான் என்று சொல்வார்கள். இவர் நெய்யையே கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தார்.

நவராத்திரி வாக்கில் அக்கா வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது, இந்த வாரச் சொல்லுக்கு ஒருத்தரும் உருப்படியாக எழுத மாட்டார்கள் என்று இவர் சொல்லியிருக்கிறார். அக்கா அப்பளத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, அது ஒன்றும் அவ்வளவு கஷ்டமில்லை என்றிருக்கிறாள். அவ்வளவுதான். திங்கட்கிழமை காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக என்னிடம் வந்தார்.

“என் வூட்டுக்காரம்மா போட்டியில இருக்காங்களா சிஸ்டர்?”

சொல்ல மாட்டேன் என்றேன். பேரைச் சொல்லக் கூடாது என்பது நீங்கள் போட்ட சட்டம், என்னைத் தேர்ந்தெடுத்ததே அதற்குத்தான் என்றேன். உங்கள் சட்டம் என்றதும் அடங்கிவிட்டார். ஆனால் இருக்கிறாள் என்பது மட்டும் என் முகத்தைப் பார்த்தே முடிவாகிவிட்டது. இனி எந்தப் பெயர் என்பதுதான் கேள்வி. அதையும் என்னிடம் கேட்கத் தேவையில்லையாம். சிஸ்டர் பெயர் வைத்த அழகிலேயே குறிப்பு இருக்கிறதாம்.

மனிதர் போட்ட கணக்கைக் கேளுங்கள். கடுக்காய் இந்த மலையிலிருந்து எங்கே போகிறது? தோல் பதனிட வாணியம்பாடிக்கு. ஆகவே கடுக்காய் என்பது தோல் வியாபாரி பாய், போக்குவரத்துக் கழக ஜாதகம் தள்ளுபடி. புளி எங்கே போகிறது? சமையல்கட்டுக்கு. ஆகவே புளி என்பது தன் மனைவி. உண்மையில் புளியான பாய்க்கோ மகிழ்ச்சி என்றாலும் துக்கம் என்றாலும் சாப்பாடுதான், அவர் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் பிரியாணி அண்டாவுக்கு முன்னால் நிற்பவர் அவர்தான். அவர் எழுதும் குறிப்பெல்லாம் சோறும் குழம்பும்தான். ரசம் என்ற சொல்லுக்கு அவர் எழுதியது, ‘சரம் கலைந்தால் சோற்றில் ஊற்றலாம்.’ சரம் என்ற எழுத்துகளைக் கலைத்துப் போட்டால் ரசம். பூச்சரம், சோறு, ரசம். ஒரு பெண்பிள்ளையைத் தவிர இதை யார் எழுதுவார் என்று முடிவு கட்டிவிட்டார். நான் சந்தைக் கூடையைப் பார்த்து வைத்த பெயரில் இவ்வளவு இருக்கிறது என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

முடிவு கட்டியதோடு விட்டாரா? மனைவி என்பதற்காகச் சலுகை காட்டிவிட்டதாக நாளைக்கு ஒருத்தன் பேசக் கூடாது என்று, வாராவாரம் புளிக்கு ஒரு மதிப்பெண் குறைக்க ஆரம்பித்தார். அது அநியாயம் இல்லையா சார் என்றேன்.

“சொந்தக்காரங்களுக்கு ஒரு கை கொறச்சுப் போடறதுதான் சிஸ்டர் நியாயம்” என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்கே உடைத்திருப்பேன். உடைத்தால் அக்கா ஆசை மண்ணாகிவிடும். கடுக்காய் யார் என்று தெரிந்த நிமிஷமே, அங்கேயும் ஒரு கை குறைத்துவிடுவார். வாயை மூடிக்கொண்டு இருந்தேன். நடுவில் பாய் வேறு போன் செய்தார். “சிஸ்டர், நம்ம மேல சாருக்கு இன்னா வருத்தம்? வழி சரின்றாரு, அழகு சரின்றாரு, மார்க் மட்டும் கொறையுது. நான் எதனா தப்பா பேசிட்டனா?” என்றார். பாவமாக இருந்தது. கொஞ்சம் பொறுங்கள் பாய் என்று சொல்லிவைத்தேன்.

கடைசி வாரச் சொல் கவலை. பாய் எழுதியது: ‘கறி முதலில், மீனுக்கு விரித்தது அடுத்து, மனசைத் தின்னும்.’ கறியின் முதல் எழுத்து க, மீனுக்கு விரிப்பது வலை, சேர்ந்தால் மனசைத் தின்னும் கவலை. அக்கா எழுதியது: ‘களத்தில் முதலில், பயிற்சிக்குக் கட்டியது அடுத்து, தோற்போமோ என்று வரும்.’ இங்கேயும் அதே க, அதே வலை, கிரிக்கெட் ஆடுகிறவன் பயிற்சிக்குக் கட்டுகிற வலை. ஒன்றும் புரியாத எனக்கே இரண்டும் ஒரே எலும்பு என்று தெரிகிறது. இவர் கிரிக்கெட்டுக்கு முதல் இடம் போட்டார், கறிமீனுக்குக் கடைசி.

வருஷக் கடைசிக் கூட்டத்தை அந்தத் தடவை ஆலங்காயத்தில் தன் வீட்டிலேயே வைத்தார். மத்தியானச் சாப்பாட்டோடு. பாய் வந்தார், இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். கூடத்தில் ஜமுக்காளம் விரித்து எல்லோரும் உட்கார்ந்தோம். அக்கா சமையல்கட்டில் இருந்தாள். இலையில் எல்லாம் பரிமாறுவதற்கு முன் முடிவைச் சொல்லிவிடலாம் என்று இவர் எழுந்து நின்றார். பரிசு ஒரு பெரிய பாட்டில் மலைத் தேன். அதை இடுப்புக் குழந்தையைப் போல் பிடித்துக்கொண்டிருந்தார்.

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றார். போட்டியில் தன் மனைவி இருக்கிறார், புளி என்ற பெயரில் இருக்கிறார், நடுவர் என்ற முறையில் வாராவாரம் ஒரு மதிப்பெண் குறைத்துத்தான் போட்டிருக்கிறேன், யாரும் சந்தேகப்பட வேண்டாம் என்றார். பாய் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர் சொம்பை அப்படியே கீழே வைத்தார். நான் பாயைப் பார்க்கவில்லை. சமையல்கட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே கரண்டிச் சத்தம் நின்றிருந்தது.

இவர் மேலே போனார். வருஷம் முழுக்க ஒருவருடைய குறிப்புகள்தான் தன்னை வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்க வைத்தன என்றார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“நான் இத யாருக்கும் சொன்னதில்ல. கடுக்காய் எழுதினது நல்லா இருக்கு.”

வந்துவிட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். சமையல்கட்டு வாசலில் அக்காவின் புடவை நுனி மட்டும் தெரிந்தது.

பெயர்களைப் படிக்கச் சொல்லி என்னிடம் திரும்பினார். எழுந்தேன். புளி, இதோ உட்கார்ந்திருக்கிற வாணியம்பாடி பாய் என்றேன்.

பாய் தாடியைத் தடவிக்கொண்டார். “அப்ப இத்தன மாசமா நான் உங்க சம்சாரமா சார்?” என்றார்.

சிரிப்பு அடங்கவே ரொம்ப நேரமாயிற்று. இவர் மட்டும் சிரிக்கவில்லை. கையில் தேன் பாட்டிலோடு, அப்படியென்றால் கடுக்காய் யார் என்று என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் வாயைத் திறக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

“எங்கப்பா இன்னா வேல பாத்தாரு?” என்று கேட்டாள்.

“டிரைவர்” என்றார்.

“அடுப்பாண்ட நின்னுக்கினு நான் தெனம் இன்னா பாக்கறேன்?”

“கிரிக்கெட்டு.”

“அப்பறம் என்னைப் போயி ரசத்துல தேடினீங்களே.”

அக்கா கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சுட்டது. எவன் எந்தச் சொல்லை எங்கே ஒளித்தாலும் மோப்பம் பிடித்துவிடுகிற மனிதர், சொந்த வீட்டு அடுப்படியில் நிற்பவளுக்கு அடுப்பைத் தவிர வேறு நினைப்பு இருக்கும் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. அது அவருக்கே உறைத்தது. முகம் கன்றிப்போய்விட்டது.

அப்போதாவது சும்மா இருந்தாரா? சட்டம் சட்டம் என்று ஊறிப்போன உடம்பு. தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலிடம் பெற்றவர் நடுவரின் மனைவி என்று இப்போது தெரியவந்திருப்பதால், மதிப்பெண்களை மறுபடி பார்க்க வேண்டியிருக்கும் என்றார். கடுக்காய்க்கும் வாரம் ஒன்று குறைத்தால் என்று விரலை மடக்கவே ஆரம்பித்துவிட்டார். அக்கா முகம் சட்டென்று வாடியது. இத்தனை மாதமாகக் காத்திருந்து வாங்கியதை, வாங்கிய இடத்திலேயே பிடுங்கப் பார்க்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தடுத்தது பாய்தான். “சார், தெரியாம சொன்னீங்க பாருங்க, அதான் தீர்ப்பு. தெரிஞ்சப்பறம் சொல்றது சமாளிப்பு. நான் தோத்தவன், நான் சொல்றேன். அந்தத் தேன் அவங்களுது.”

மடக்கிய விரலை அவர் மெதுவாக விரித்தார். பாட்டிலை அக்காவிடம் நீட்டினார். அக்கா வாங்கிக்கொண்டாள். பிறகு இவர் பாயின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இழந்த மதிப்பெண்ணையெல்லாம் திருப்பிக் கூட்டிப் போடுவதாகச் சொன்னார். அதெல்லாம் வேண்டாம், பசிக்கிறது என்றார் பாய். கூட்டிப் பார்த்ததில் பாய்க்கு இரண்டாம் இடம் வந்தது. சாப்பாடு முடிந்ததும், தன் வீட்டில் இருப்பவரையே அடையாளம் தெரியாதவன் நடுவராக இருக்கத் தகுதி இல்லை என்று சொல்லிப் பதவியிலிருந்து விலகிக்கொண்டார். ஒருத்தரும் மறுக்கவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அடுத்த வருஷம் அக்கா நடுவர். அவர் முதன்முறையாகப் போட்டியாளர். ஒருமுறை வந்த சொல் மறுபடி வரக் கூடாது என்பது அவர் வகுத்த சட்டம். அக்கா முதல் வாரமே அதை மீறினாள். அவள் கொடுத்த சொல் ரசம்.

மனிதர் அந்த வாரம் முழுக்கத் தவித்தார். ஓ.பி. நேரத்தில் மாத்திரைக் கவரின் பின்பக்கம் கிறுக்குவார், அடிப்பார். இருமலுக்கு வந்தவருக்கு மருந்து கொடுத்துவிட்டு, கவரைத் திருப்பித் தாங்கய்யா, அதில் முக்கியமான ஒன்று இருக்கிறது என்று வாசல்வரை ஓடினார். கடைசியில் எனக்கு அனுப்பியது இது: ‘பாதிக்கு மேல் சமரசம், சோற்றுக்கு மேல்.’ சமரசம் என்ற சொல்லில் பின்னால் இருக்கும் மூன்று எழுத்தே ரசம், ஐந்தில் மூன்று, பாதிக்கு மேல். சோற்றுக்கு மேல் ஊற்றுவதும் அதுதான். இதற்கு யாரும் எனக்கு விளக்கம் சொல்லவில்லை. நானாகவே கண்டுபிடித்தேன். பலா என்று பெயர் போட்டு அக்காவுக்கு அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாறைமேல் ஏறி, போனைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். என்னையும் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டார். தீர்ப்பு வந்தது. பலாவுக்கு அக்கா எழுதியிருந்ததை அவரே சத்தமாகப் படித்தார்.

“பலா யாருன்னு தெரியும். தெரிஞ்சிதான் சொல்றேன், மூணாவது. பாதிக்கு மேலன்னா முன்பக்கமா, பின்பக்கமா? சொல்லல. அதனால ரெண்டாவதுக்கு ஏத்த முடியாது. புருஷன்றதுக்காக நாலாவதுக்கு எறக்கவும் முடியாது.”

படித்து முடித்துவிட்டு, முதலிலிருந்து மறுபடி மனசுக்குள் படித்தார். மாடுகள் தொட்டியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. இவர் மனம் உடைந்துவிட்டதோ என்று எனக்குப் பயம்.

“இன்னா சார், தீர்ப்பு எப்படி?” என்று மெல்லக் கேட்டேன்.

“நல்லா இருக்கு சிஸ்டர்” என்றார்.

உள்ளே வேறு எதுவாவது இருக்குமோ என்று நான் அவர் முகத்தைத் தேடிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. நல்லா இருக்கு, அவ்வளவுதான்.